எனக்க

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடி.
பப்ஸ் வேகும் வாசம் படியேறி வருகிறது.
அயர்லாந்து போக வேண்டிய பதினோரு நர்ஸுகள்
'என்' எது, 'என்னுடையது' எது என்று
படித்துக்கொண்டிருக்கிறோம்.

பெனிஷா மிஸ் என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
பலகையின் நடுவே கோடு கிழிக்கிறாள்.
இந்தப் பக்கம் பொருளோடு ஒட்டி வருபவை,
அந்தப் பக்கம் தனியே நிற்பவை.
மை என்றால் பின்னால் ஒரு சாமான் வேண்டும்.
மைன் என்றால் வேண்டாம்,
சாமான் ஏற்கெனவே கைக்கு வந்தாயிற்று.
'மைன் பேக்' என்ற டெல்பின்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் அஞ்சு ரூபாய் போட்டாள்.
இந்த மாதம் என் கணக்கு முப்பத்தஞ்சு.

லீவ் லெட்டரின் அடியில் வரும் யுவர்ஸுக்கு
'உங்களுடையவள்' என்று அர்த்தமாம்.
எத்தனை காய்ச்சலுக்கு
என்னையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்
ஹெட்மாஸ்டருக்கு!

திருத்தப்படுவது எனக்குப் புதிதில்லை.
அஞ்சாம் வகுப்பில் 'எனக்க பென்சில்' என்றதற்கு
'என்னுடைய' என்று ஐம்பது தடவை எழுதினேன்.
சென்னை ஆஸ்பத்திரி ஹாஸ்டலில்
குழாயடியில் நின்று 'எனக்க வாளி' என்றேன்.
'எனக்கா' என்று கேட்டதாய் நினைத்து
'உனக்குத்தான், எடுத்துக்கோ' என்றாள்
ஒரு திருவண்ணாமலைக்காரி.
அன்று முதல் எனக்கு இரண்டு வாளி.

இன்றைய பயிற்சி:
உன்னிடம் இருப்பவை யாருடையவை,
ஐந்து வாக்கியம்.
குடை என்னுடையது.
பேனா டெல்பினுடையது, திருப்பித் தரவில்லை.
பைக்குள் ஒரு நகைக்கடன் ரசீது,
ரசீது என்னுடையது.
செயின் ஹெர்ஸ்.

'ஹெர்ஸ் என்றால் யார்?
முதலில் ஆளைச் சொல்லணும்' என்றாள் மிஸ்.
மைனி என்றேன்.
'மைனா, மைனியா?' வகுப்பே சிரித்தது.
இங்கிலீஷில் அண்ணன் பெண்டாட்டிக்குப் பெயர்
சட்டப்படி சகோதரி.
மூன்றரைப் பவன் கழற்றிக் கொடுத்தபோது
எந்தச் சட்டமும் கேட்கவில்லை அவளிடம்.
இப்போது கழுத்தில்
கறுப்புக் கயிறும் ஒரு சிலுவையும்.

இன்னொரு சந்தேகம் கேட்டேன்.
'அவர்' என்கிறார்களே,
அது 'எங்க'ளா, 'நம்ம'ளா?
கேட்டுக்கொண்டிருப்பவரும் அதில் உண்டா,
வெளியே நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறார்களா?
மிஸ் சாக்பீஸை உருட்டினாள்.
'ரெண்டுக்கும் ஒண்ணுதான் சேச்சி.
பரீட்சைக்கு அது வராது.'

ஆறு மணிக்குப் படியிறங்கும்போது போன்.
பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் சத்தம்,
அதற்கு மேலே மைனி:
'இருபதாந் தேதி வட்டி கெட்டணும் கேட்டியா.
நீ பதறாத, அண்ணன் பாத்துக்கிடுவாரு.
நமக்க செயினுதானே,
எங்க போவப் போவுது.'

நமக்க.
நோட்டில் ஹெர்ஸ் என்று எழுதி
சிவப்பு டிக் வாங்கி வைத்திருக்கிறேன்.
நாலாவது படியில் நின்று
நோட்டை விரித்தேன், பேனாவைத் தேடினேன்.
என்னத்தைத் திருத்த?
சரியான விடை அது.
பேனாவும் என்னுடையது இல்லை.

கருங்கல் பஸ் கிளம்பத் திணறுகிறது,
மழை பிடித்துக்கொண்டது.
மாடி ஜன்னலில் பெனிஷா மிஸ்,
கையில் நீலக் குடை,
தெருவுக்கே கேட்க இங்கிலீஷில் கத்துகிறாள்,
'ஹூஸ் இஸ் திஸ்?'

'எனக்க!' என்றேன்,
மழையை மிஞ்சிய சத்தத்தில்.

நாற்பது.